பச்சை மை விழாத உறை

சென்ற மாதம் கல்முனையில் வடிவமைப்பாளர்கள் ஒன்றுகூடினார்கள். ஓய்வுபெற்றவன் என்ற மரியாதைக்காக என்னையும் முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். பேச்சின் நடுவில் ஒருவர் எழும்பி, அண்ணனை எங்கள் ஊர் அழைக்கும் 'நானா' என்ற சொல்லோடு தொடங்கி, எல்லோர் மனதிலும் கிடந்த கேள்வியைக் கேட்டார்.

"நானா, இந்த ஓசியில வார சொப்ட்வெயார வச்சிக்கிட்டு தொழில் செய்ய ஏலுமா, ஏலாதா? சுத்தி வளைக்காமச் சொல்லுங்க."

"ஏலும்" என்றேன். கைதட்டினார்கள். அதற்கு மேல் நான் சொல்ல வாய் திறக்கும்போது தேநீர் வந்துவிட்டது. தேநீரோடு போட்டி போட்டு வென்ற பேச்சாளரை நான் இதுவரை கண்டதில்லை. ஆகவே மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். என்னைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்குள் ஒரு பிள்ளையின் முகம் இருக்கிறது. அந்த முகத்தில் நான் செய்த பிழையும் இருக்கிறது.

தொழில் பழகிய காலத்தை நீட்ட விருப்பமில்லை. நற்பிட்டிமுனையிலிருந்து சைக்கிளில் வந்து, கல்முனை பஸ் டிப்போவுக்குப் போகும் தெருவிலிருந்த அச்சகமொன்றில் சேர்ந்தேன். எழுத்துக் கோர்த்தேன். பிறகு படங்களை வெட்டி ஒட்டினேன். கொம்பியூட்டர் வந்த அன்று, கை நடுங்காதவன் என்று சொல்லி என்னை அதன் முன்னால் உட்கார வைத்தார்கள். அந்தக் கதிரையிலேயே தலை நரைத்தேன்.

அந்தக் காலத்தில் உலகத்திலேயே விலை கூடிய மென்பொருள்கள் எல்லாம் எங்களிடம் இருந்தன. ஒன்றையும் நாங்கள் முறையாக வாங்கியதில்லை. சீடீயில் வரும். அதன் பூட்டை உடைக்கும் இலக்கம் ஒரு துண்டில் எழுதப்பட்டு வரும். கல்யாணக் கார்டு, நோன்பு கால நேர அட்டவணை, வீரமுனைக் கோவில் திருவிழா நோட்டீஸ், மெதடிஸ்த சபையின் பாட்டுத் தாள் எல்லாம் அந்தத் திருட்டுச் சாமானில்தான் பிறந்தன. இறைச்சிக் கடையில் ஹலாலா என்று இரண்டு தரம் கேட்கிற நாங்கள் இந்த விஷயத்தில் மட்டும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டோம். இன்று காசு கொடுத்து வாங்குவதா, இலவசமானதைப் பாவிப்பதா என்று வாதாடுகிறவர்கள் இதை மறந்துபோய்ப் பேசுகிறார்கள். எங்கள் ஊரில் காசு கொடுத்தவன் யார்?

அச்சகத்தின் முதலாளியை ஊரே ஹாஜியார் என்றுதான் கூப்பிடும். அவருக்குக் கொம்பியூட்டரைத் திறக்கவும் தெரியாது, மூடவும் தெரியாது. ஆனால் அச்சிட முன்பு எடுக்கும் மாதிரித் தாளை அவர் பார்க்கும் விதம் வேறு. முதலில் தாளைத் தலைகீழாக வைப்பார்.

"நேரா வச்சா எழுத்து என்ன வாசிக்க வைக்கிது. தலகீழா வச்சாத்தான் கோணல் தெரியும்" என்பார்.

நன்று என்று அவர் சொல்லிக் கேட்டவர்கள் இல்லை. பிழை கண்டால் சத்தம் போடவும் மாட்டார். தாளைக் கொண்டுவந்து நம்முடைய மேசையில் குப்புற வைத்துவிட்டு, தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்யப் போய்விடுவார். அவர் தொழுதுவிட்டு வருவதற்குள் பிழையை நாமே கண்டுபிடித்துத் திருத்திவிட வேண்டும். ஏச்சு வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வியர்த்திருக்காது.

அவர் ஏற்படுத்திய முறைகளில் முக்கியமானது வேலை உறை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு காக்கி உறை உண்டு. அதன் மேல் கட்டங்கள் அச்சிடப்பட்டிருக்கும். யாருடைய வேலை, யார் செய்தது, மூலப்பிரதி என்ன நிலையில் வந்தது, அதில் என்ன மாற்றம் செய்யப்பட்டது என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். கடைசிக்கு முந்திய கட்டத்தில் "வாடிக்கையாளருக்குச் சொல்லப்பட்டதா?" என்றிருக்கும். அதற்குக் கீழே ஒரு சின்னச் சதுரம். அதற்குள் ஹாஜியார் பச்சை மையால் தன் ஒற்றை எழுத்தைப் போட்டால்தான் வேலை வெளியே போகலாம்.

வாடிக்கையாளருக்குச் சொல்லப்பட்டதா என்ற கட்டம் முளைத்ததற்கு நான்தான் காரணம். ஒரு மாப்பிள்ளையின் படத்தில் கேட்காமலேயே வழுக்கையை மூடிவிட்டேன். பெண் வீட்டார் படத்தைப் பார்த்துச் சம்மதித்து, ஆளைப் பார்த்துப் பின்வாங்கினார்கள். மாப்பிள்ளையின் வாப்பா அச்சகத்துக்கு வந்து நின்ற நிற்பு இன்றும் கண்ணில் இருக்கிறது. அடுத்த கிழமை புதிதாக அடித்த உறைகளில் அந்தக் கட்டம் இருந்தது. ஹாஜியார் ஒரு கட்டு உறையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பிறகு கடல் ஊருக்குள் வந்தது.

எங்கள் வீடு வயல் பக்கம் என்பதால் தப்பினோம். இறந்தவர்களின் மையித்துகளை அடக்கிய நாட்கள் ஓரளவு ஓய்ந்ததும் ஆட்கள் அல்பங்களைத் தூக்கிக்கொண்டு அச்சகத்துக்கு வரத் தொடங்கினார்கள். சேறும் உப்பும் ஏறி, படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. சிலருக்கு வீடு இல்லை, உடுக்க மாற்றுத் துணி இல்லை, ஆனால் கையில் அல்பம் இருந்தது. ஹாஜியார் இந்த வேலைகளுக்கு ஒருவரிடமும் காசு வாங்கக்கூடாது என்றார். உறை மட்டும் ஒன்று விடாமல் எழுதப்பட வேண்டும் என்றார்.

அப்போதுதான் ரூபி வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கல்முனை மெதடிஸ்த சபைக் குடும்பம். ஞாயிறு பாடசாலையில் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் என்பதால் நான் பகிடியாக ரூபி மிஸ் என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. அவளுடைய விரல் மெல்லியது, பொறுமை பெரியது. மூன்று தட்டுகளில் நல்ல தண்ணீர் வைத்துக்கொள்வாள். அல்பத் தாளை முதல் தட்டில் ஊறவிட்டு, படம் தானாகக் கழன்று வரும்வரை காத்திருப்பாள். இழுத்தால் முகம் தாளோடு போய்விடும். இரண்டாம், மூன்றாம் தட்டுகளில் உப்பை அலசி, வெள்ளைத் துணியில் முகம் மேலே பார்க்கக் கிடத்தி, நிழலில் காய விடுவாள். காய்ந்ததை நான் ஸ்கேன் செய்வேன். அந்த மூலத்தில் கை வைக்க மாட்டேன். அதற்கொரு பிரதி எடுத்து, பிரதியின் மேல் லேயர் லேயராக வேலை செய்வேன். லேயர் என்பது கண்ணாடித் தாள் மாதிரி. ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு திருத்தத்தைச் செய்யலாம். மேலிருப்பதைத் தூக்கிவிட்டால் அடியில் மூலம் அப்படியே இருக்கும்.

ஸரீனா வந்தது அந்த நாட்களில்தான். மருதமுனைக் கடற்கரை ஓரத்துப் பெண். கடல் வந்த அன்று காலை அவளுடைய ஐந்து வயது மகன் அஷ்பாக் உம்மம்மா வீட்டில் இருந்தான். வீடும் இல்லை, உம்மம்மாவும் இல்லை. பிள்ளையின் மையித்துக்கூடக் கிடைக்கவில்லை. மிஞ்சியது ஒரே ஒரு படம், சொந்தக்காரர் வீட்டுச் சுன்னத் வைபவத்தில் எடுத்தது. ரூபி எவ்வளவோ மெதுவாகத்தான் கழற்றினாள். ஆனாலும் மூக்குக்குக் கீழே இருந்த பகுதி எப்போதோ அல்பத்தின் பிளாஸ்டிக்கோடு போய்விட்டிருந்தது. நெற்றி, இரண்டு கண்கள், மூக்கு, ஒரு காது. அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

"கண்ணு இரிக்கிதானே நானா? மத்தத நீங்க செஞ்சி தாங்க" என்றாள் ஸரீனா.

"வேற படம் ஒண்டு இல்லாம ஏலாது தங்கச்சி."

"இல்ல நானா. சிரிச்சா ஒரு பக்கம் கொஞ்சம் மேல ஏறும். அப்பிடிப் போடுங்க."

மூன்று நாள் முயன்றேன். வாயை வரைந்து பார்த்தேன், பொம்மை மாதிரி வந்தது. நான்காம் நாள் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன். என் மகன் நவ்சாத் வாசலில் உட்கார்ந்து மாம்பழம் தின்றுகொண்டிருந்தான். அவனுக்கும் ஐந்து வயது. என்னைக் கண்டதும் சிரித்தான். ஒரு பக்கம் கொஞ்சம் மேலே ஏறியது. அச்சகத்தின் கமராவைக் கொண்டுவந்து அந்தச் சிரிப்பைப் படமெடுத்தேன்.

அவனுடைய வாயையும் தாடையையும் கன்னங்களின் கீழ்ப்பகுதியையும் வெட்டி, அஷ்பாக்கின் மூக்குக்குக் கீழே வைத்தேன். நிறம் ஒட்டவில்லை. அதன் மேல் ஒரு லேயர் வைத்து இருட்டாக்கினேன், இன்னொன்றில் பழைய படத்தின் மஞ்சளை ஏற்றினேன், மூன்றாவதில் வெளிச்சம் விழும் பக்கத்தைத் திருப்பினேன். ஓரங்களைத் தூரிகையால் கரைத்தேன். படத்தைத் தலைகீழாக்கிப் பார்த்தேன், கோணல் தெரியவில்லை. என் தொழில் வாழ்க்கையில் அதைவிடச் சுத்தமான வேலையை நான் செய்ததில்லை. அதைச் சொல்லும்போது இன்றும் ஒரு பெருமை எட்டிப் பார்க்கிறது. அதற்காகவும் வெட்கப்படுகிறேன்.

அன்று ஹாஜியார் கோமாரிப் பக்கம் நிவாரணம் கொடுக்கப் போயிருந்தார். ஸரீனா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு விரலைக் கொண்டுபோய்த் திரையில் அந்த வாயைத் தொட்டாள்.

"இவன்தான்" என்றாள்.

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். அழுதுகொண்டே சிரிக்கிற அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. படத்தை அச்செடுத்துக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்குள் படம் தொங்கவிடுவது எங்கள் ஆட்களின் வழக்கமில்லை. அலுமாரிக்குள் உடுப்புகளுக்கு நடுவில் வைப்பதாகச் சொல்லிக்கொண்டு போனாள். ஹாஜியார் இருந்த காலத்தில் பச்சை மை விழாமல் அந்த அச்சகத்திலிருந்து வெளியே போன ஒரே வேலை அது.

ஆனால் உறையில் பொய் எழுதவில்லை. "மூக்குக்குக் கீழ் முழுவதும் என் மகன் நவ்சாத்தின் படத்திலிருந்து" என்று எழுதினேன். சொல்லப்பட்டதா என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதினேன். அடுத்த நாள் காலை ஹாஜியார் உறையைக் கையில் எடுத்தார். வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

"சொல்லல்லயா?"

"ஏலல்ல ஹாஜியார்."

"அந்தப் புள்ள சந்தோசமாப் போனதா?"

"ஓம்."

அவர் பேனாவைத் திறந்தார்.

"நீ குடுத்தது படமில்லடா மகன், மருந்து. ஆனா குப்பியில என்ன மருந்தெண்டு எழுதாமக் குடுத்திரிக்காய்" என்றார். பிறகு பேனாவை மூடினார். "எண்டைக்காவது போய்ச் சொல்லு. சொன்ன அண்டைக்கு இத எடுத்துக்கிட்டு வா, கையொப்பம் வைக்கிறன்."

நான் போகவில்லை. மருதமுனை என்ன பெரிய தூரமா, சைக்கிளில் போய்வரக்கூடிய இடம்தான். பெருநாள் கழியட்டும், மழை விடட்டும், அவளுக்கு இன்னொரு பிள்ளை பிறந்ததாம், அது கொஞ்சம் வளரட்டும் என்று தள்ளிப் போட்டேன். ஹாஜியார் எனக்கு ஒருபோதும் நினைவூட்டவில்லை. அவர் மௌத்தாகி, அவரைக் கபுறடியில் அடக்கிவிட்டு வந்த அன்றுதான், இனி அந்தச் சதுரத்தில் யார் கையொப்பம் வைப்பார் என்ற நினைவு வந்தது.

இனி, கேட்கப்பட்ட கேள்விக்கு வருகிறேன். ஹாஜியாருக்குப் பிறகு அச்சகம் அவருடைய மருமகன் கைக்கு வந்தது. வெளிநாட்டு உதவி நிறுவனமொன்று பெரிய வேலை தருவதற்கு முன்பு மென்பொருளின் உரிமப் பத்திரத்தைக் கேட்டது. திருட்டுச் சாமானை எல்லாம் அழித்துவிட்டு, மாதா மாதம் சந்தா கட்டும் முறைக்கு மாறினோம். வாழ்க்கையில் முதல் தடவையாக நேர்மையாகத் தொழில் செய்கிறோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அந்த நிமிர்வு டொலர் தட்டுப்பாடு வந்த வருடத்தோடு முடிந்தது. வங்கி அட்டையால் வெளிநாட்டுக்குக் காசு போகவில்லை. ஒரு காலைநேரம் கொம்பியூட்டரைத் திறந்தால், சந்தா கட்டு என்ற அறிவிப்பைத் தவிர வேறெதுவும் இல்லை. கல்யாணக் காலம். மேசை நிறையக் கார்டு வேலைகள்.

மருமகன் பழைய சீடீயைத் தேடத் தொடங்கினார். ரூபிதான் தடுத்தாள். அவள் சபையின் பாட்டுத் தாள்களை வருடக்கணக்காக வீட்டிலிருந்து இலவச மென்பொருளில்தான் செய்துகொண்டிருந்திருக்கிறாள். திறந்த மூல மென்பொருள் என்று சொல்வார்கள். அதை எழுதியவர்கள் உள்ளே இருப்பதை ஒளிப்பதில்லை, யாரும் பார்க்கலாம், திருத்தலாம், விலையும் இல்லை. ஒரு பென்டிரைவில் கொண்டுவந்து மூன்று கொம்பியூட்டரிலும் போட்டாள்.

முதல் மாதம் நான் பட்ட பாட்டை எழுதப் போனால் கட்டுரை நீண்டுவிடும். விரல் பழைய இடத்தை அழுத்தும், வேறேதாவது நடக்கும். திரையில் தெரியும் நிறத்தை அச்சின் நான்கு மைகளுக்குப் பிரிப்பதற்குத் தனியாக இன்னொரு படி ஏற வேண்டும். அதை மறந்து ஒரு கல்யாணக் கார்டைச் சேற்று நிறத்தில் அடித்துவிட்டேன். இதெல்லாம் விளையாட்டுச் சாமான், தொழிலுக்கு ஏலாது என்று கத்தினேன்.

"கை பழகல்ல எண்டு சொல்லுங்க நானா, ஏலாது எண்டு சொல்லாதீங்க" என்றாள் ரூபி. "நீங்க எழுத்துக் கோர்த்த காலத்தில கொம்பியூட்டரையும் இப்பிடித்தானே ஏசியிருப்பீங்க?"

ஏசியிருந்தேன்தான். பல்லைக் கடித்துக்கொண்டு பழகினேன். மழைக்காலம் வருவதற்குள் கார்டும் புத்தகமும் நாட்காட்டியும் அதில்தான் நடந்தன. அரபும் தமிழும் ஒரே வரியில் வரும் துஆ எனும் பிரார்த்தனைப் புத்தகங்களைப் பழையதைவிட அதில் இலகுவாகச் செய்தோம். குறையும் இருந்தது. கொழும்பு அச்சகங்கள் பழைய மென்பொருளின் கோப்பைத்தான் கேட்டன. நுணுக்கமான சில படவேலைகளுக்கு இரட்டிப்பு நேரம் எடுத்தது. அவற்றைச் சொல்லாமல் மாறச் சொன்னால் அது மோசடி. ஆனாலும் சோற்றுக்கு வழி செய்யும் தொழிலை அதில் செய்யலாம், செய்தோம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் பழைய கோப்புகள். இத்தனை வருட வேலையும் பழைய மென்பொருளின் வடிவத்தில் கிடந்தது. வேலை எங்களுடையது, பூட்டின் திறப்பு வேறொருவர் கையில். இலவச மென்பொருள் அவற்றில் பெரும்பாலானதைத் திறந்தது. ஆனால் எல்லாவற்றையும் விளங்கிக்கொள்ளவில்லை. லேயர்களைக் காட்டும், சில திருத்தங்களை வாசிக்கத் தெரியாமல் விட்டுவிடும். இது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் இனிச் சொல்லப்போகும் பிழையைச் செய்தேன்.

ஒரு முற்பகல் ஸரீனா தன் மகளோடு வந்தாள். மகளின் பெயர் ஷிப்னா, கடலுக்குப் பிறகு பிறந்தவள், கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் மகளுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். உம்மாவும் வாப்பாவும் பின்வளவில் சின்ன வீடொன்றுக்கு ஒதுங்கிக்கொள்வார்கள். வீட்டோடு அலுமாரியும் மகளுக்குப் போகிறது. அலுமாரிக்குள் அஷ்பாக் இருந்தான்.

"படம் ஒண்டுதான் இரிக்கி நானா, இப்ப வீடு ரெண்டு" என்றாள் ஸரீனா. "இவளுக்கு ஒண்டு, எனக்கு ஒண்டு. கொஞ்சம் பெரிசாப் போடுங்க. இதுவும் கண்ணாடியோட ஒட்டிப்போயிரிச்சி."

பழைய படத்தைச் சீலைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். நான் கோப்பைத் தேடினேன். வாடிக்கையாளரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டிச் சம்மதம் வாங்குவது எங்கள் முறை. இத்தனை வருடப் பழக்கம். முதலில் தனியாகத் திறந்து பார்ப்போம் என்று தோன்றவேயில்லை. உம்மாவும் மகளும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். நான் கோப்பைத் திறந்தேன்.

இருட்டாக்கிய லேயரை அது வாசிக்கவில்லை. மஞ்சளையும் வாசிக்கவில்லை. கடலில் நனைந்து மங்கிய ஒரு முகத்தின் கீழே, மாம்பழம் தின்ற ஈரத்தோடு, பளிச்சென்று இன்னொரு பிள்ளையின் வாய் சிரித்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் கிழிந்த துணியில் ஒட்டுப்போட்ட மாதிரி ஒரு கோடு. வலது பக்கத்தில் லேயர்களின் பட்டியல். ஹாஜியார் பழக்கியபடி ஒவ்வொன்றுக்கும் நான் ஒழுங்காகப் பெயர் வைத்திருந்தேன்.

ஷிப்னா வாசித்தாள். "நவ்சாத் வாய்." என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஆரு மாமா நவ்சாத்?"

"என்ட மகன்" என்றேன். இருபது வருடமாகத் தொண்டையில் கிடந்தது அவ்வளவு சுருக்கமாக வெளியே வந்தது.

"ஏன் அப்பவே சொல்லல்ல? எங்கட உம்மா ஒவ்வொரு நாளும் இதப் பாத்துக்கிட்டு…" ஸரீனா மகளின் கையைப் பிடித்து அமர்த்தினாள். அவள் அழாமல் என்னிடம் திரும்பினாள்.

"அத எடுத்துட்டுக் காட்டுங்க நானா."

வாயின் லேயரை மறைத்தேன். நெற்றி, இரண்டு கண்கள், மூக்கு, ஒரு காது. கீழே வெள்ளை.

அவள் நெடுநேரம் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் கேட்டாள், "அவன்ட வாய் எப்பிடி இருந்திச்சி?"

"என்னட்டயா கேக்குறாய் தங்கச்சி? நான் அவனக் கண்டதே இல்லையே."

"எனக்கு வருகுதில்ல நானா. கண்ண மூடினா உங்கட மகன்ட வாய்தான் வருகுது. அப்ப ஞாபகம் இருந்திச்சி. அண்டைக்கு இத மெய்யெண்டு நம்பி அத விட்டிட்டன்."

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த தண்டனை அந்த வார்த்தைகள்தான். கடல் பிள்ளையைக் கொண்டுபோனது. அவனுடைய சிரிப்பை அவளுடைய நினைவிலிருந்து எடுத்தது நான். மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சொல் எவ்வளவு சின்னது என்பது அது என் வாயிலிருந்து வந்தபோதுதான் தெரிந்தது. அவள் அதைக் காதில் வாங்கினாளா என்பதுகூட எனக்குத் தெரியாது.

எழும்பி, பின்னறைக்குப் போய், அழுகையை மறைக்க அந்த மென்பொருளை ஏசினேன். "பாழாப்போன ஓசிச் சாமான். பழையதா இருந்தா இப்பிடிக் காட்டியிருக்குமா?"

ரூபி பின்னாலேயே வந்திருந்தாள். அன்று தட்டுகளில் படத்தைக் கழுவியவள் அவள். எனக்கு ஆறுதல் சொல்ல அவள் முயலவில்லை.

"பழையதா இருந்தா இண்டைக்கும் சொல்லியிருக்க மாட்டீங்க நானா" என்றாள். "போங்க. அவங்க உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கிறாங்க."

போனேன். ஸரீனா தனக்கு என்ன வேண்டும் என்பதை முடிவு செய்திருந்தாள்.

"மூலப் படத்த மட்டும் அடிச்சித் தாங்க. ரெண்டு."

"உம்மா, கீழ வெள்ளையா இரிக்கும்" என்றாள் ஷிப்னா.

"இரிக்கட்டும். அவன்டது அவ்வளவுதான் மிச்சம்."

இலவச மென்பொருளிலேயே செய்தேன். நெற்றியில் இருந்த உப்புக் கறையைத் துடைக்கலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். நிறத்தை நான்கு மைக்குப் பிரித்தேன், மாதிரி எடுத்தேன், தலைகீழாக வைத்துப் பார்த்தேன். அந்தக் கண்களின் கறுப்பு அவ்வளவு ஆழமாக அச்சில் விழுந்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மென்பொருளின் திறமையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு அதையும் சொல்லி வைக்கிறேன்.

புதிய படங்கள் இரண்டையும் ஷிப்னா வாங்கிக்கொண்டாள். பழையதை என்னிடம் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். ஸரீனா அதையும் சீலைத் துண்டில் சுற்றினாள்.

"இத்தன வருசம் என்னோட இருந்த முகம். எங்க விட்டிட்டுப் போற?" என்றாள். வாசல்படியில் நின்று திரும்பினாள். "உங்கட மகன் இப்ப எங்க நானா?"

"கட்டார்ல. நல்லா இரிக்கான்."

"நல்லா இருப்பான்தானே" என்றாள். "நான் இந்த முகத்தப் பாத்திட்டுத்தான் ஒவ்வொரு நாளும் தொழ நிப்பன். கேட்ட துஆவில பாதி அவனுக்குத்தான் போயிரிக்கும். போகட்டும். அதுவும் புள்ளதானே."

அவர்கள் ஆட்டோவில் ஏறிப் போகும்வரை நான் வாசலில் நின்றேன். நவ்சாத்துக்கு அன்றே அழைப்பெடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் லீவில் வந்தால் அந்த உம்மாவைப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டான். அவள் அனுமதித்தால் கூட்டிப் போவேன். இந்தத் தடவை முதலில் கேட்டுவிட்டுத்தான்.

ஆகவே நண்பர்களே, இலவச மென்பொருளில் தொழில் செய்ய ஏலும். கை பழகும்வரை கஷ்டம், பழகிய பிறகு சோறு போடும். எங்கே சறுக்கும் என்று மேலே எழுதியிருக்கிறேன். பழைய கோப்புகளை மூலத்தோடு சேர்த்து எல்லோரும் திறக்கக்கூடிய வடிவத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை எந்த மென்பொருளும் உங்களுக்காகச் செய்து தராது.

ஓய்வுபெற்ற அன்று ஹாஜியாரின் மருமகனிடம் ஒரே ஒரு பொருளைக் கேட்டு வாங்கிவந்தேன், அஷ்பாக் படத்தின் காக்கி உறையை. சொல்லப்பட்டதா என்ற கட்டத்தில் "இல்லை" என்பதை நான் வெட்டவில்லை. அதன் பக்கத்தில் "ஆம், இருபது வருடத்துக்குப் பிறகு" என்று எழுதியிருக்கிறேன். அன்று அச்சகத்திலேயே நான் அதை எழுதும்போது ரூபி தன் மேசையிலிருந்து ஒரு பச்சைப் பேனாவை எடுத்து நீட்டினாள்.

"வேணாம் மிஸ்" என்றேன். "வைக்க வேண்டியவர் இல்ல."

சதுரம் காலியாகவே இருக்கிறது.